எச்சமாகும் சொற்கள்

இடைக்கால ஆங்கில வேடர் விலங்கின் கழிவைக் கண்டே அதன் தடமறிந்தனர். மானுக்குப் 'பியூமெட்', நீர்நாய்க்கு 'ஸ்பிரெயின்ட்' என விலங்குதோறும் தனிப்பெயர் வழங்கினர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யார்க் கோமகன் எட்வர்டு பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த வேட்டைநூல் இத்தகைய சொற்களை உரைக்கிறது. அவ்வேட்டை மரபு மங்கவே அவற்றுட் பல வழக்கொழிந்தன. நீர்நாய்க்குரியதோ விலங்கியலார் கைக்கொண்டமையால் வாழ்கிறது.

தமிழிலும் மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் பிழுக்கை, யானைக்கும் குதிரைக்கும் இலத்தி, பறவைக்கு எச்சம் எனப் பெயர்கள் வேறுபடும். சாணத்தையும் பிழுக்கையையும் வேட்டையன்று, எருவிடும் உழவே போற்றி வந்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது; பின்னர் ஒரகடத்திலும் ஆலைகள் பெருகின. ஆட்டுக்கிடை அமர்த்த வயலில்லாதவிடத்துப் பிழுக்கை என்னும் சொல்லுக்கு வேலை ஏது? எச்சம் என்பதற்கு எஞ்சி நிற்பது என்றும் பொருளுண்டு. அச்சொற்களை எஞ்சச் செய்வது அகராதியின் பணி மட்டுமன்று, கவிஞர்தம் கடனுமாகும்.