விரல் இடுக்கில் நுழைந்த கிருமி

பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் தாமதித்துத்தான் வந்து சேரும்; வந்துவிட்டால் நடவு மூச்சுவிடாமல் நடக்கும். நாளெல்லாம் சேற்றில் நிற்கும் பெண்களின் கால் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் ஊறி, வெளுத்து, வெடிக்கும். சேற்றுப்புண். ராத்திரி மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு காலையில் மறுபடி வயலில் இறங்குவார்கள். பெரும்பாலும் ஆறிவிடும். சிலருக்கு மட்டும் அந்த வெடிப்பு வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற கிருமி உள்ளே போய்விடுகிறது.

இது அரிதான கிருமி அல்ல. பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையிலும், ஆரோக்கியமானவர் தோலிலும்கூட இருக்கும். அப்படிப்பட்டது எப்படி ஆழத் தசை வரை போய் ஆளைக் கொல்கிறது?

முதல் காரணம் அதன் மேலுறை. 1937-ல் கெண்டல், ஹைடல்பெர்கர், டாசன் என்ற மூவர் அந்த உறை ஹயலூரானிக் அமிலம் என்று கண்டார்கள். நம் தோலுக்கடியிலும் மூட்டுகளிலும் இருக்கிற அதே பொருள்தான். சொந்த உடம்பின் சரக்கையே போர்த்திக்கொண்டு வருவதால் வெள்ளணுக்களுக்கு இதை வேற்றாளாகப் பார்க்கத் தெரிவதில்லை, விழுங்கவும் முடிவதில்லை. ஆனால் உறை மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. உறையே இல்லாத எம்4, எம்22 ரகங்களும் ரத்தம் வரை புகுந்திருக்கின்றன.

அடுத்தது நொதிகள். புண் பட்ட இடத்தைச் சுற்றி உடம்பு ரத்தத்தை உறையவைத்து அணை கட்டும். கிருமியின் ஸ்ட்ரெப்டோகைனேஸ், நம் ரத்தத்திலேயே இருக்கும் பிளாஸ்மினோஜனைத் தூண்டி அந்த அணையைக் கரைக்கிறது. மனித ரத்தத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும், எலியிடம் அவ்வளவாகப் பலிக்காது. 1933-ல் வில்லியம் டில்லெட் கண்டறிந்த இந்த நொதிதான் பிற்காலத்தில் மாரடைப்புக்கு மருந்தாகி, நம் அரசு மருத்துவமனைகளில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. வெள்ளணுக்கள் சாகும்போது தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசும். அதை அறுக்க எஸ்டிஏ1 என்று இன்னொரு நொதி. வெள்ளணுக்களைக் கூப்பிடும் சமிக்ஞையை வெட்டிப்போட மேலும் சில.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது ஸ்பீபி என்ற நொதி. அது புரதங்களைக் கண்டபடி வெட்டும், கிருமியின் சொந்த ஆயுதங்களையும் விடாது. எம்1 ரகத்தில் சில கிருமிகளுக்கு உடம்புக்குள் இருக்கும்போதே கோவ்எஸ் என்ற மரபணு பழுதாகிறது. ஸ்பீபி நின்றுபோகிறது, உறை தடிக்கிறது, ஸ்ட்ரெப்டோகைனேஸ் சிதையாமல் மிஞ்சுகிறது. அதன்பின் பரவல் வெகு வேகம். ஆனால் இப்படி மாறிய கிருமிக்குத் தோலில் ஒட்டிக் குடியேறும் திறன் குறைந்துவிடும். உள்ளே போக உதவிய மாற்றமே, அடுத்த ஆளிடம் தாவ இடைஞ்சலாகிறது.

டெல்டாவில் இதற்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. யானைக்கால் உள்ளவர்களுக்கு அடிக்கடி நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து வீங்கும். யானைக்காலை உண்டாக்கும் புழுதான் இதற்கும் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1990களில் தஞ்சை மருத்துவக் கல்லூரியின் எஸ். ஜமால், போலந்தின் வால்டெமார் ஓல்செவ்ஸ்கியோடு சேர்ந்து அத்தகைய கால்களின் நிணநீரைச் சோதித்தபோது அதில் பாக்டீரியாக்கள் வளர்ந்தன. 1997-ல் ஆலப்புழைக் குழுவொன்று, காய்ச்சல் கண்டவர்களின் ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஏஎஸ்ஓ என்ற எதிர்ப்புப்பொருளின் அளவு கூடியிருந்ததைப் பதிவு செய்தது. தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்தி, வெடிப்புக்கு மருந்து போட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வருவது குறைந்தது. வயல்வேலை என்றால் சேற்றுப்புண் வரத்தான் செய்யும் என்று தள்ளிவிடும் பேச்சை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

2005-ல் வெளியான உலகக் கணக்கீடு ஒன்று, இப்படி ஆழப் புகும் நோய் ஆண்டுக்குச் சுமார் 6.6 லட்சம் பேருக்கு வருவதாகவும், 1.6 லட்சம் பேர் சாவதாகவும் சொல்கிறது. இத்தனைக்கும் பெனிசிலின் இன்றும் இந்தக் கிருமியைக் கொல்லும். சிக்கல் என்னவென்றால், தசையுறை அழுகத் தொடங்கியபின் அங்கே ரத்தவோட்டம் நின்றுவிடுகிறது, மருந்து போய்ச் சேர வழியில்லை. செத்த பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றியாக வேண்டும். மேலே சிவப்பு கொஞ்சம்தான் தெரிகிறது, வலியோ பொறுக்க முடியவில்லை என்று ஒருவர் துடித்தால், அதுதான் அடையாளம். விடியட்டும் என்று இருக்காமல், அந்த ராத்திரியே தஞ்சாவூருக்கு வண்டி ஏற்ற வேண்டும்.