கற்ற திறன் நிலைக்கும் இடம்: கேரள எல்லைத் தமிழ்ப் பகுதிகளும் நடத்தைவழிப் பயிற்சியும்

பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்பது ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, படிதோறும் வேண்டிய உதவியைத் தந்து, சரியாகச் செய்தவுடன் குழந்தை விரும்பும் ஒன்றை அளித்து ஊக்குவித்து, பின்னர் அவ்வுதவியைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்ளும் பயிற்சிமுறையாகும். 1968இல் இத்துறைக்கு இலக்கணம் வகுத்த பேயர், வுல்ஃப், ரிஸ்லி ஆகிய மூவரும், உண்டான மாற்றம் காலம் கடந்தும் இடம் கடந்தும் நீடிக்க வேண்டும் என்று அப்போதே வலியுறுத்தினர். ஆனால் நடைமுறை அந்த அளவுக்கு வளரவில்லை. பயிற்சி கொடுத்தபின் கற்ற திறன் பிற சூழல்களுக்கும் தானே பரவும் என்று பலரும் நம்பியிருந்துவிடுவதை 1977இல் ஸ்டோக்ஸும் பேயரும் எடுத்துக்காட்டினர்.

இந்தியாவில் இம்முறை வேரூன்ற வழிசெய்தவற்றுள் ஒன்று, ஜெயச்சந்திரனும் விமலாவும் சென்னையில் உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை. 18 துறைகளில் துறைக்கு 20 வீதம் 360 செயல்களை அடுக்கி, குழந்தைக்கு இயல்வதையும் இயலாததையும் அது பிரித்துக் காட்டியது. 1992இல் செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலிருந்து பெஷாவாரியாவும் வெங்கடேசனும் வெளியிட்ட அளவுகோலோ தானே செய்தல், குறிப்புக் காட்டினால் செய்தல், வாயால் சொன்னால் செய்தல், கைபிடித்தால் செய்தல் என உதவியின் அளவையே மதிப்பெண்ணாக்கியது. நீண்ட விடுமுறைக்குப் பின் ஒரு திறன் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்பதைக் காட்டவல்லது என்பதால், கற்ற திறன் நீடிப்பதாகிய நிலைநிறுத்தத்தைப் பொறுத்தவரை பின்னதே பெரிய முன்னேற்றம் எனலாம்.

அந்த நிலைநிறுத்தத்துக்கு அன்றாட வாழ்விலேயே இடம் தரும் எடுத்துக்காட்டு ஒன்று கேரளத்தில் உள்ளது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் தலைமுறைகளாக லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், டாடா தேயிலை நிறுவனத்தின் ஆதரவுடன் 1991இல் தொழிலாளர்களின் மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்காக டேர் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளிப் பருவம் முடிந்தவர்கள் கற்றதைப் பயன்படுத்த இடமின்றி வீட்டில் முடங்கும் நிலையைத் தவிர்க்கும் வகையில், சிருஷ்டி என்னும் அமைப்பின்கீழ் இயற்கைச் சாயத் துணி செய்யும் அரண்யா, கைக்காகிதம் செய்யும் அதுல்யா போன்ற பணியிடங்கள் உருவாயின. இவற்றை நடத்தைப் பகுப்பாய்வின் பெயரால் எவரும் நிறுவவில்லை. எனினும் அத்துறை நாடிய நிலைநிறுத்தம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. துணியை மடித்தல், நூலால் இறுகக் கட்டுதல், சாயத்தில் அமிழ்த்துதல், அலசுதல், கட்டவிழ்த்தல் என வரிசை மாறாமல் வரும் இவ்வேலையில், கட்டை அவிழ்த்ததும் தோன்றும் கோலமே செய்தவருக்கு உடனடிப் பயனாகிறது. பின்னால் வரும் கூலியும் சக பணியாளர்களின் மதிப்பும் அதனுடன் சேரும்போது, பயிற்றுநர் தரும் செயற்கையான ஊக்குவிப்புக்குத் தேவை குறைகிறது.

மூணாற்றில் தோட்ட நிறுவனம் ஏற்ற பொறுப்பைப் பிற இடங்களில் உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றன. 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்கானூரில் கேரள அரசின் வறுமை ஒழிப்பு இயக்கமான குடும்பஸ்ரீயின் துணையுடன், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கிய பட்ஸ் பள்ளித் திட்டம் பின்னர் கேரளம் எங்கும் பரவியது. 18 வயதைக் கடந்தோருக்கெனத் தனி மறுவாழ்வு மையங்களும் அமைந்தன. பாலக்காட்டின் சித்தூர் வட்டாரம் போன்று வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் புழங்கும் ஊர்களில் இன்னொரு தேவையும் எழுகிறது. மலையாளத்தில் சொன்னால் மட்டும் கை கழுவப் பழகிய குழந்தை, பாட்டி தமிழில் சொல்லும்போது தயங்கி நிற்கக்கூடும். ஆகவே பள்ளியில் கொடுக்கும் வாய்மொழிக் குறிப்புகள் இரு மொழிகளிலும் அமைய வேண்டும். வீட்டார் வழக்கமாகச் சொல்லும் சொற்களைக் கேட்டறிந்து, பயிற்சியின் முதல் நாளிலிருந்தே அவற்றைக் கையாள்வது ஆசிரியரின் கடமையாகிறது.