ஒரே ஆண்டில் மூன்று இசைத்தட்டுகள்

வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் 'ஃபேர்போர்ட்' என்று பெயரிட்ட வீடு ஒன்று இருந்தது. 1967-இல் சைமன் நிக்கோல், ஆஷ்லி ஹட்சிங்ஸ், ரிச்சர்ட் தாம்சன் ஆகிய இளைஞர்கள் அங்கே கூடிப் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். வீட்டின் பெயரே குழுவுக்கும் வந்தது: ஃபேர்போர்ட் கன்வென்ஷன். பிரிட்டிஷ் ஃபோக் ராக் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இதுதான். ஆனால் 1968-இல் வெளியான முதல் ஆல்பத்தில் ஆங்கில மண்ணின் பாட்டு என்று சொல்ல அதிகம் இல்லை. ஜோனி மிட்செல் எழுதியவற்றைப் பாடிக்கொண்டு, அமெரிக்கக் குழுக்களின் வழியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

சாண்டி டென்னி வந்த பிறகு திசை மாறியது. நாட்டார் பாடல் கிளப்புகளில் பாடித் தேறிய அவருக்குப் பழைய கதைப்பாடல்கள் மனப்பாடம். 1969 ஜனவரியில் வந்த இரண்டாவது ஆல்பத்தில் அந்த வாசம் லேசாக வீசியது. ஜூலையில் வந்த 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தில் அது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது.

அந்தக் கதவின் பெயர் 'எ செய்லர்ஸ் லைஃப்'. காதலனைத் தேடிக் கடலுக்குப் போகும் பெண்ணின் பழைய கதை. பதினோரு நிமிடத்துக்கும் மேல் நீளும் இந்தப் பாட்டை ஒரே மூச்சில், ஒரே டேக்கில் பதிவு செய்தார்கள். டென்னியின் குரல் அவசரமில்லாமல் கதையைச் சொல்லத் தொடங்கும்போது பின்னால் வாத்தியங்கள் அடங்கியே ஒலிக்கின்றன. கதை முடிந்ததும் தாம்சனின் எலெக்ட்ரிக் கிதாரும் டேவ் ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்குகின்றன. ஸ்வார்பிரிக் அன்று விருந்தாளியாக வந்து வாசித்தவர். நாட்டார் பாட்டும் ராக்கும் இங்கே ஒட்டுப்போடப்படவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று முளைத்து வருகிறது. குழுவின் மொத்தப் பதிவுகளில் எதை இழந்தாலும் இந்தப் பதினோரு நிமிடங்களை இழக்கக் கூடாது.

இந்த இசைத்தட்டு கடைக்கு வருமுன்பே பேரிடி விழுந்தது. 1969 மே 12 அன்று பர்மிங்காமில் கச்சேரி முடித்துத் திரும்புகையில் எம்1 நெடுஞ்சாலையில் வேன் விபத்துக்குள்ளானது. டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார்கள். லாம்பிளுக்கு வயது 19.

குழு கலைந்துவிடும் நிலை. மீண்டவர்கள் பழைய பாட்டுகளை மேடையில் திரும்பப் பாட விரும்பவில்லை. ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற கிராமத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, கோடை முழுவதும் அங்கேயே தங்கினார்கள். ஸ்வார்பிரிக் நிரந்தர உறுப்பினரானார். நடன இசைக் குழுக்களில் வாசித்துப் பழகிய டேவ் மாட்டக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார். லண்டனில் உள்ள நாட்டார் கலை ஆவணங்களின் இல்லமான செசில் ஷார்ப் ஹவுஸில் ஹட்சிங்ஸ் பழைய பாடல்களைத் தேடி எடுத்தார். 'லீஜ் அண்ட் லீஃப்' பிறந்தது இப்படித்தான். அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. 'டாம் லின்', 'மேட்டி க்ரோவ்ஸ்' போன்ற நூற்றாண்டுகள் பழைய கதைப்பாடல்கள் அதில் டிரம்ஸ் அதிர ஒலித்தன. உறையின் உட்பக்கத்தில் பாடல் சேகரித்த அறிஞர்களையும் கிராமத்துச் சடங்குகளையும் பற்றிய குறிப்புகளை அச்சிட்டிருந்தார்கள். பாட்டு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லியே கொடுத்த அந்த நேர்மை போற்றத்தக்கது.

இசைத்தட்டு கடைக்கு வருமுன்பே டென்னியும் ஹட்சிங்ஸும் விலகிவிட்டார்கள். ஹட்சிங்ஸ் ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். ஃபேர்போர்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களில் எந்த இரண்டிலும் அதே உறுப்பினர்கள் இல்லை. 1971-இல் வந்த ஏழாவது ஆல்பமான 'பாபகோம்ப் லீ'யில்தான் முதன்முறையாக முந்தைய ஆல்பத்தின் அதே நால்வர் வாசித்தார்கள். 1885-இல் எக்ஸிடர் சிறையில் மூன்று முறை தூக்கில் ஏற்றியும் பலகை திறக்காமல் உயிர் தப்பிய ஜான் லீயின் வரலாறு அது. ஆல்பம் முழுவதும் ஒரே கதை.

எழுபதுகளின் பிற்பகுதி சோர்வான காலம். விற்பனை சரிந்தது. ஒப்பந்தப்படி மிச்சமிருந்த ஆல்பங்களைச் செய்ய வேண்டாம் என்று வெர்டிகோ நிறுவனமே பணம் கொடுத்து அனுப்பிவைத்தது. 1979 ஆகஸ்ட் 4 அன்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் க்ராப்ரெடி கிராமத்தில் விடைபெறும் கச்சேரி நடந்தது. அந்தப் பதிவை வெளியிட எந்த நிறுவனமும் முன்வராத நிலையில்தான் பேஸ் கிதார் கலைஞர் டேவ் பெக்கும் அவர் மனைவி கிறிஸ்டீனும் 'வுட்வர்ம்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பலரும் குழுவின் வரலாற்றை இந்த இடத்தோடு மூடிவிடுகிறார்கள். அது அநியாயம். 1985-இல் 'கிளாடிஸ் லீப்' ஆல்பத்தோடு குழு மீண்டது. தயாரிப்பும் விற்பனையும் தங்கள் கையிலேயே இருந்ததால் யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் தொடர்ந்து பதிவு செய்ய முடிந்தது. 2020-இல் 'ஷஃபிள் அண்ட் கோ' வரை ஆல்பங்கள் வந்தன.

பிந்தைய ஆல்பங்கள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது; டென்னியின் குரலுக்கும் தாம்சனின் கிதாருக்கும் ஈடு அங்கே இல்லை. ஆனாலும் 2006-இல் பிபிசி வானொலி நேயர்கள் மிகுந்த செல்வாக்குள்ள ஃபோக் ஆல்பமாகத் தேர்ந்தெடுத்த 'லீஜ் அண்ட் லீஃப்' ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். முதலில் 'எ செய்லர்ஸ் லைஃப்' கேளுங்கள். அடுத்து 'லீஜ் அண்ட் லீஃப்'. பிறகு டென்னி இல்லாமல் 1970-இல் வந்த 'ஃபுல் ஹவுஸ்'. இந்த வரிசையில் கேட்டால், பாடகியை இழந்தும் அந்தக் குழு ஏன் தளரவில்லை என்பது புரியும்.