நான் கணக்கில் வந்த வருஷம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்போட வரலாறு பத்திப் பேசலாம்னு இருக்கேன். அதுல என் கதையும் கொஞ்சம் இருக்கு.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் 1980 ஜூலையில் பிறந்தேன். இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. ஊர் உடனே காரணம் கண்டுபிடிச்சிருச்சு. அந்த வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி சூரிய கிரகணம். "புள்ளத்தாச்சி அன்னிக்கு அருவாமனையைத் தொட்டிருப்பா"ன்னு பேசினாங்க. அம்மா மறுக்கலை. அன்னிக்குக் காய் நறுக்கினாங்களா இல்லையான்னு அவங்களுக்கே ஞாபகம் இல்லை.

கருவில் கைகால் உருவாவது நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். கிரகணத்தன்று அம்மாவுக்கு நாலு மாசம். என் கை எப்படி இருக்கப்போகுதுன்னு அதுக்கு முன்னாடியே முடிவாயிருச்சு. உண்மையான காரணம் டாக்டர்களுக்கும் தெரியலை. இப்படிப் பிறந்த பலருக்கும் தெரியறதில்லை. ஆனா கிரகணம் காரணமில்லைன்னு அம்மாகிட்ட அன்னிக்குச் சொல்ல ஆளில்லை.

இப்போ கணக்கெடுப்புக்கு வருவோம். 1881 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அரசு மனநோய், காது கேளாமையோடு பேச்சின்மை, பார்வையின்மை, தொழுநோய் ஆகிய நாலை மட்டும் எழுதியது. கை இல்லாதவங்களுக்கு அதில் இடமில்லை. 1941-ல் அந்தக் கேள்வியே போயிடுச்சு. ஐ.நா. ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981-ல் திரும்ப வந்தது. 'முற்றிலும்' முடமானவரா என்று கேட்டாங்க. என்னை யாரும் அதில் சேர்க்கலை. 1991-ல் மறுபடி கேள்வி இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், என் கை அம்மா செஞ்ச தப்பாகவே வீட்டுக்குள்ள இருந்துச்சு.

1995-ல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. 2001 பிப்ரவரியில் கணக்கெடுக்க ஒரு டீச்சர் லைனுக்கு வந்தாங்க. வீட்டில் யாருக்காவது குறைபாடு உண்டான்னு கேட்டாங்க. அம்மா என்னைக் காட்டி, "அது வந்து டீச்சர், கிரகணத்துல..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"காரணம் எழுத இதுல இடமில்லைம்மா. இருக்கா இல்லையா, அவ்வளவுதான்"னு சொல்லி, 'இயக்கம்' என்பதைக் குறிச்சுக்கிட்டாங்க. அந்தக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க வந்த 2.19 கோடி பேரில் நானும் ஒரு ஆள்.

டீச்சர் போன பிறகு அம்மா ரொம்ப நேரம் வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "ஏன் இப்படின்னு அவங்க கேக்கவே இல்ல, பாத்தியா?"