முறையும் கண்ணோட்டமும்: நிக்சன் பெற்ற மன்னிப்பு

திருக்குறளில் பொறையுடைமை இல்லறவியலுள்ளும், செங்கோன்மை, கண்ணோட்டம் என்பன பொருட்பாலின் அரசியலுள்ளும் வைக்கப்பெற்றிருத்தல் கருதத்தக்கது. தனக்குத் தீங்கிழைத்தவனைப் பொறுத்தல் ஒருவனுக்கு உரிய செயல். பிறர்க்குத் தீங்கிழைத்தவனை நாடாள்வோன் பொறுத்தல் அத்தன்மைத்தன்று. அவன் பொறுப்பது தனக்கு நேர்ந்த தீங்கையன்று. நாட்டுக்கு நேர்ந்த தீங்கையே. ஆதலின், கண்ணோட்டத்தை வேந்தர்க்கு இன்றியமையாததாகக் கூறிய வள்ளுவர், அதனால் அவர்தம் கருமம் கெடுதலாகாது என ஓர் எல்லையும் வகுத்தார். அக்கருமம் முறைசெய்தலே என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இன்று நாம் வழங்கும் 'மன்னிப்பு' என்னும் சொல்லில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. வீட்டில் தம்பி அண்ணனிடம் கேட்பதும் மன்னிப்பு. தூக்குத் தண்டனை பெற்றவன் குடியரசுத் தலைவரிடம் வேண்டுவதும் மன்னிப்பு.

குற்றத்தால் வீழ்ந்த தலைவரை, அவர்க்குப்பின் அப்பதவிக்கு வந்தவரே மன்னிக்கும்போது சிக்கல் இன்னும் மிகுகின்றது. மன்னிப்பவர் நடுவர்போல் விலகி நிற்பவரல்லர். முன்னவரின் வீழ்ச்சியால் உயர்ந்தவர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1974ஆம் ஆண்டு நிகழ்ந்த மன்னிப்பு இதற்கு மிகத் தெளிவான சான்றாதலின், அதனை ஈண்டு ஆராய்வோம்.

1972 ஜூன் 17ஆம் நாள் வாஷிங்டன் நகரில் வாட்டர்கேட் என்னும் கட்டடத்தில் இருந்த சனநாயகக் கட்சி அலுவலகத்துள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் 49 மாநிலங்களில் வென்று மீண்டும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஆயினும் புகுந்தவர்க்கும் தலைவரின் மாளிகைக்கும் இருந்த தொடர்பு சிறிது சிறிதாக வெளிப்பட்டது. தம் அறையில் நிகழ்ந்த உரையாடல்களை நிக்சன் ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தமையே இறுதியில் அவர்க்குப் பகையாயிற்று. 1974 ஜூலை 24ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்நாடாக்களை ஒப்படைக்குமாறு எண்மரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. வழக்கின் புலனாய்வைத் தடுக்க அவர் இசைந்தமை ஆகஸ்டு 5ஆம் நாள் வெளியிடப்பட்ட படியால் உறுதிப்பட்டது. ஆகஸ்டு 9ஆம் நாள் அவர் பதவி துறந்தார்.

அவர்க்குப்பின் வந்த ஜெரால்டு போர்டு, மக்கள் வாக்கால் அவ்விடத்தை அடைந்தவரல்லர். துணைத்தலைவர் ஸ்பைரோ ஆக்னியூ வேறொரு குற்றச்சாட்டால் 1973 அக்டோபரில் விலகியபோது, நிக்சனால் முன்மொழியப்பெற்று, காங்கிரசின் இசைவால் துணைத்தலைவரானவர். அவ்விசைவுக்கான விசாரணையில், பின்வரும் தலைவர் ஒருவர் முன்னவர் மீதான வழக்கை நிறுத்திவிடலாமோ என்று கேட்கப்பட்டபோது, மக்கள் அதனைப் பொறுக்கமாட்டார்கள் என்ற கருத்தில் போர்டு விடையளித்திருந்தார். ஏறத்தாழப் பத்துத் திங்கள் கழிந்தபின், 1974 செப்டம்பர் 8ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயில் வழிபாடு முடித்து வந்து, தொலைக்காட்சியில் தோன்றி, 1969 ஜனவரி 20 முதல் 1974 ஆகஸ்டு 9 வரை நிக்சன் செய்த, அல்லது செய்திருக்கக்கூடிய குற்றங்கள் அனைத்துக்கும் முழு மன்னிப்பு வழங்கினார்.

'செய்திருக்கக்கூடிய' என்னும் இத்தொடரிலேதான் வழக்கின் உயிர்நிலை உள்ளது. எக்குற்றம் மன்னிக்கப்பட்டது என்பது ஆவணத்தில் இல்லை. ஏனெனில் எக்குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை, குற்றச்சாட்டும் தாக்கல் செய்யப்படவில்லை. இது சட்டத்துக்கு மாறானது என்று கூறல் இயலாது. பாராளுமன்றக் குற்றவிசாரணை ஒன்று நீங்கலாக நாட்டரசுக்கு எதிரான எக்குற்றத்தையும் மன்னிக்கத் தலைவர்க்கு அரசியற் சட்டம் உரிமை தருகின்றது. வழக்குத் தொடுக்குமுன்னும் அவ்வுரிமை செல்லும் என்று உச்சநீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டிலேயே கூறியுள்ளது. எனவே உரிமை உண்டோ என்பதன்று வினா. உரிமையை அவ்வேளையில் பயன்படுத்தியது முறையோ என்பதே.

போர்டின் காரணங்களை எளிதிற் புறக்கணித்தலாகாது. தனி வழக்குரைஞர் லியான் ஜாவோர்ஸ்கியிடம் கேட்டபோது, சார்பற்ற நடுவர் குழுவைத் தெரிந்தெடுக்கும் பணியைத் தொடங்குவதற்கே ஒன்பது திங்கள் முதல் ஓராண்டுவரை, ஒருகால் அதனினும் மிகுதியாக, ஆகலாம் என்று அவர் தெரிவித்திருந்தார். அதன்பின் வழக்கு, மேல்முறையீடு என ஆண்டுகள் பல செல்லும். அதுகாறும் நாடு பழைய புண்ணையே கிளறிக்கொண்டிருக்கும் என்று போர்டு அஞ்சினார். நிக்சனுடைய தாள்கள், நாடாக்கள் பற்றிய சச்சரவிலேயே தம் வேலைப்பொழுதில் நான்கில் ஒரு பங்கு கழிந்தது என்றும் அவர் பின்னர்க் கூறியுள்ளார். விலைவாசி ஏற்றத்தால் மக்கள் துன்புற்ற காலம் அது. ஆட்சி நடத்த வேண்டியவர் முன்னவரின் வழக்கையே நடத்திக்கொண்டிருத்தல் இயலாது என்பது நாமும் ஒப்பத்தக்கதே.

ஆனால் மன்னிப்புக்கு முன் நிகழ்ந்த பேச்சினை நோக்கும்போது நம் மனம் மாறுகின்றது. போர்டின் சார்பில் பெண்டன் பெக்கர் என்னும் வழக்குரைஞர் கலிபோர்னியாவில் இருந்த நிக்சனிடம் அனுப்பப்பட்டார். மன்னிப்பை ஏற்றல் குற்றத்தை ஏற்றலேயாம் எனக் கருத இடந்தரும் 1915ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை அவர் எடுத்துக்காட்டினார். அத்தீர்ப்பின் பகுதியைப் போர்டு பிற்காலத்தில் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார் என்பர். எனினும் நிக்சனிடமிருந்து கிடைத்தது, வாட்டர்கேட் செய்தியில் இன்னும் உறுதியாகவும் நேராகவும் நடந்துகொள்ளாதது தம் தவறு என்னும் அளவிலான அறிக்கையே. குற்றம் என்னும் சொல் அதில் இல்லை. பணப்பையிலிருந்த தீர்ப்பு போர்டின் மனச்சான்றுக்கு ஆறுதல் தந்திருக்கலாம். நிக்சனின் வாயிலிருந்து அஃது ஒரு சொல்லையும் வருவிக்கவில்லை.

இதனினும் கவலைக்குரியது நாடாக்களைப் பற்றிய உடன்படிக்கை. மன்னிப்பு அறிவிக்கப்பட்ட அதேநாளில் வெளியான அவ்வுடன்படிக்கையின்படி, நிக்சன் இறந்தவுடனாயினும், 1984 செப்டம்பர் 1ஆம் நாளாயினும், எது முந்துமோ அன்று ஒலிநாடாக்கள் அழிக்கப்பட வேண்டும். வழக்கும் இல்லை, சான்றும் எஞ்சாது என்னும் நிலை இது. தண்டனையை நீக்குவது வேறு. நடந்ததை அறியும் வாயிலையே அடைப்பது வேறு. காங்கிரசு விழித்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாக்களையும் தாள்களையும் அரசுடைமையாகக் காக்கும் சட்டத்தை இயற்றிற்று. போர்டே அதில் கையொப்பமிட்டார். 1977இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. ஏறத்தாழ 3,700 மணிநேரப் பதிவுகளுள் பெரும்பகுதியை இன்று எவரும் கேட்கலாம். போர்டு கைவிட்ட கருமத்தைப் பிறர் எடுத்து முடித்தனர் என்றே நாம் கொள்கின்றோம்.

மக்கள் சினம் கடிதாயிருந்தது. ஆகஸ்டில் நூற்றுக்கு 71ஆக இருந்த போர்டின் ஆதரவு, செப்டம்பர் இறுதியில் 50ஆகத் தாழ்ந்ததாகக் காலப் கணிப்புக் கூறிற்று. அவருடைய பத்திரிகைச் செயலர் ஜெரால்டு தெர்ஹார்ஸ்ட், பதவியேற்று ஒரு திங்களே ஆகியிருந்தும், அன்றே விலகினார். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த இளைஞர்க்குக் கிடைக்காத முழு மன்னிப்பு, அப்போரை நடத்திய தலைவர்க்கு மட்டும் கிடைப்பதேன் என்பது அவர் மனத்தை வருத்திய வினா. மேலும், நிக்சனின் ஏவலைச் செய்த மிட்செல், ஹால்டிமன், எர்லிக்மன் முதலியோர் 1975 ஜனவரி 1ஆம் நாள் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டுப் பின்னர்ச் சிறை சென்றனர். அம்பு சிறையில், எய்தவர் கடற்கரை மாளிகையில்.

பதவிக்கு ஈடாக மன்னிப்புப் பேசப்பட்டதோ என்னும் ஐயமும் எழுந்தது. அக்டோபர் 17ஆம் நாள் போர்டு தாமே கீழவையின் குழுமுன் வந்து, அத்தகைய பேரம் எதுவும் இல்லை என்று உறுதி கூறினார். பதவியிலிருக்கும் தலைவர் அவ்வாறு வந்து விடையிறுத்தல் அங்கு மிக அரிது. எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்னும் உறுப்பினர், குற்றம் இன்னதெனக் கூறாமலும், குற்றவுணர்வைப் பெறாமலும் மன்னித்தது ஏன் என்று கேட்டார். அவ்வினாவுக்கு இன்றுகாறும் நிறைவான விடை கிடைத்ததாக நாம் கருதவில்லை. பேரம் நிகழவில்லை என்பதை நாம் நம்புகின்றோம். ஆயினும் பேரமோ என மக்கள் ஐயுறும் நேரத்தையே போர்டு தெரிந்துகொண்டார்.

1976 தேர்தலில் போர்டு தோற்றார். மன்னிப்பே அதற்குக் காரணம் என்பார் பலர். விலைவாசியையும் வேலையின்மையையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர். பின்னர்க் காற்றுத் திசை மாறிற்று. 2001இல் கென்னடி நூலகம் மன்னிப்பின்பொருட்டு அவர்க்குத் துணிவுக்கான பரிசளித்தது. முன்னர் எதிர்த்த எட்வர்டு கென்னடியே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். நாடு அமைதியடைந்தது உண்மையே. ஆனால் 1977ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி நேர்காணலில், நாட்டைத் தாம் கைவிட்டதாக ஒப்புக்கொண்ட நிக்சன், தலைவர் செய்யும் செயல் சட்டத்துக்கு மாறானதாகாது என்னும் கருத்தையும் அதே தொடரில் கூறினார். அதனை மறுக்க ஒரு தீர்ப்பும் இருக்கவில்லை.

வேறு வழி இருந்ததா? கொரியா நாட்டு நிகழ்ச்சி இதற்கு விடை தருகின்றது. 1979 டிசம்பரில் படைவலியால் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1980 மே மாதம் குவாங்சு நகரில் எழுந்த மக்களைப் படைகொண்டு அடக்கிய சுன் டூ-வான், அவ்வாண்டே கிம் டே-ஜுங்குக்கு இராணுவ மன்றத்தின் வாயிலாகத் தூக்குத் தண்டனை விதிக்கச் செய்தவர். அத்தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டது. 1995இல், வெற்றிபெற்ற ஆட்சிக்கவர்தலைத் தண்டிக்க இயலாது என்று வழக்குத் தொடுப்போர் முதலில் கைவிரித்தனர். மக்கள் எதிர்ப்பால் அவ்வாண்டு இறுதியில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1996 ஆகஸ்டில் சுன் தூக்குத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது வாழ்நாட் சிறையாயிற்று. 1997 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர், முன்னர்த் தூக்குக்கு உரியவராக்கப்பட்ட அதே கிம் டே-ஜுங். அவர் இசைவோடு, பதவியிலிருந்த கிம் யங்-சாம் சுன்னையும் அவர்பின் ஆண்ட ரோ டே-வூவையும் மன்னித்து, டிசம்பர் 22ஆம் நாள் விடுவித்தார்.

இங்கும் மன்னிக்கப்பட்டவர் மனம் திருந்தினார் என்பதற்கில்லை. செலுத்துமாறு தீர்ப்பளிக்கப்பட்ட 22,050 கோடி வொன் தொகை மன்னிப்பில் சேரவில்லை. தம்மிடம் 2,90,000 வொன்னே உள்ளதென்று சுன் 2003இல் கூறியது நகைப்புக்கிடமாயிற்று. 2021இல் இறக்கும்வரை குவாங்சு மக்களிடம் அவர் பொறுத்தருள வேண்டவில்லை. 2017இல் எழுதிய தன்வரலாற்றில், வானூர்தியிலிருந்து சுட்டதைக் கண்டதாகச் சான்று கூறிய பாதிரியாரை இழித்துரைத்தார். அதற்காக 2020இல் குவாங்சு வழக்குமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. மேல்முறையீடு முடியுமுன் அவர் இறந்தார். ஆயினும் அவர் மறுத்த செய்திகளுக்கு எதிரே 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு அசையாது நின்றது. ரோ டே-வூ தம் தொகையை 2013இல் செலுத்தி முடித்தார். அவர் மகன் குவாங்சு கல்லறைகளுக்குச் சென்று வணங்கினார்.

தம்மைத் தூக்கிலேற்ற முயன்றவரை விடுவிக்க இசைந்த கிம் டே-ஜுங், தமக்குற்ற தீங்கைப் பொறுத்தமை பொறையுடைமையின்பாற்படும். குவாங்சு மக்களுக்குற்ற தீங்கைப் பொறுக்க அவர்க்கு உரிமை உண்டோ என்று அந்நகரத்துத் தாய்மார் கேட்டால், தீர்ப்பைக் காட்டி விடையிறுக்க அவரால் இயன்றது. நிக்சனின் குற்றம் இன்னதெனக் கேட்டார்க்குக் காட்டப் போர்டிடம் இருந்தது, 1915ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒரு துண்டு.