உழுதவன் பெயர் எங்கே?

அயனம்பாக்கம் ஏரியைக் காட்டி, "இது எதற்காக?" என்று என் வகுப்பு மாணவரைக் கேட்டேன். "வேடிக்கை பார்க்க" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரி இருக்கிறது, கழனிகள் மனைகளாகிவிட்டன. அரிசியை மூட்டையில் மட்டுமே கண்ட பிள்ளைக்கு ஏரியின் பொருள் எங்ஙனம் விளங்கும்? நெல்லுக்கு அரசு விலை வைத்த வரலாற்றை மறுநாள் பாடமாகச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், தோழர்களே.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சர்க்கார் உழவன் வாசலுக்கு வந்தது அவனைக் காக்க அன்று. அவன் நெல்லைக் கொண்டுபோக! 1943-இல் வங்கத்துப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களை விழுங்கிற்று. நகரங்களுக்குப் பங்கீடு வந்தது. அதற்கான நெல் கட்டாயக் கொள்முதலாகச் சிற்றூர்களை விட்டுச் சென்றது. சென்னை மாகாணத்தில் 1952-இல் இராசாசி அமைச்சரவை கட்டுப்பாட்டை நீக்கியது. கட்டுப்பாடு போயிற்று, காப்பு வந்ததா? அறுவடை நாளில் விலை சரியும். களஞ்சியம் உடையவன் காத்திருப்பான். கடன்பட்டவன் களத்திலேயே விற்பான்.

அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடு நின்ற காலத்தில், 1965 சனவரியில், வேளாண் விலைக் குழு அமைந்தது. இந்திய உணவுக் கழகமும் பிறந்தது. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே? தஞ்சையில்! சந்தை சரிந்தாலும் அறிவித்த விலைக்கு அரசே வாங்கும் என்ற உறுதி உழவனுக்குக் கிடைத்தது. இரக்கத்தால் மட்டும் பிறந்த ஏற்பாடு அன்று இது. கிடங்கு நிரம்ப வேண்டும் என்ற கவலையும் அதன் தாய். ஆயினும் பயன் பெரிது.

ஆனால், பயன் யாருக்கு? அதே தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில், கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று தீக்கிரையாயினர். நெல்லின் விலையை அரசு காத்தது. நெல்லை விளைத்தவனின் உயிரை யார் காத்தார்?

இஃது இன்று நேற்று வந்த நோயன்று. நம் ஊர் முன்பு அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இலேயே எழுதினார்: மிராசுதாரின் நிலத்தில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று. வெள்ளைக்கார அதிகாரிக்குத் தெரிந்தது, ஊர்ப் பெரியோர்க்குத் தெரியவில்லையாம்!

1969-இல் குத்தகைதாரர் உரிமையைப் பதிவுசெய்யச் சட்டம் வந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது; நேரடிக் கொள்முதல் நிலையங்களை அது நடத்துகிறது. 2025-26 பருவத்தில் சன்னரக நெல் குவிண்டாலுக்கு ஒன்றிய அரசின் விலை 2389 ரூபாய். மாநில அரசு தன் பங்காக 156 ரூபாய் சேர்த்து 2545 ஆக்கிற்று. நன்று, மிக நன்று! ஆனால் நிலையத்து மேசை கேட்பது சிட்டாவையும் அடங்கலையும். வாய்ச்சொல்லால் குத்தகைக்கு உழுபவனிடம் அவை ஏது? பதிவு கேட்டால் அடுத்த பருவம் நிலம் கைமாறிவிடும் என்று அஞ்சி அவன் வாய் திறப்பதில்லை. வியாபாரி கேட்ட விலைக்கு விற்கிறான். அல்லது நிலக்காரர் பெயரில் மூட்டைகளை இறக்குகிறான். பணம் பட்டாதாரரின் வங்கிக் கணக்கில் விழுகிறது. அவர் சேற்றில் கால் வைத்துப் பல்லாண்டு ஆகியிருக்கும். ஒருவேளை, எங்கள் ஏரிக்கரை மனை ஒன்றில்தான் குடியிருக்கிறாரோ, என்னவோ!