வங்கியின் வாசலும் ஏழையின் கணக்கும்

குறைந்த சம்பளம் பெறும் ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ இன்று வங்கியொன்றுக்குச் சென்று 'பிரீமியம்' எனப்படும் சிறப்புக் கணக்கொன்றுக்கு விண்ணப்பிப்பாராயின், படிவத்தின் முதற் பக்கத்திலேயே அவரது தகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. மாதவருமானம் என்ன, வைப்புப்பணம் எவ்வளவு என்ற இரு வினாக்களைத் தாண்டி அவரது விண்ணப்பம் செல்வதில்லை. வரிசையில் நில்லாமை, தனியறை, தனி உத்தியோகத்தர், கட்டணத்தில் சலுகை, கடன் பெறுவதில் இலகு என்பன யாவும் ஏலவே பணம் உள்ளவருக்கே உரியன. இதனை வங்கிகளின் அண்மைக்கால வியாபார உத்தியென்று பலர் கருதுகின்றனர். ஆயின் இலங்கையில் வங்கித் தொழிலின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். சிறப்பு வாசல் பின்னர் வந்ததன்று. முதலில் இருந்தது அதுவே. பொது வாசல்தான் பின்னர், பெரும் போராட்டங்களின் பேறாகத் திறக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு வேரூன்றிய வங்கிகள் கோப்பித் தோட்டங்களின் தேவைக்கெனப் பிறந்தவை. தோட்டத்துரைக்கு முன்பணம் வழங்குவதும், ஏற்றுமதிக்கான உண்டியல்களை மாற்றுவதுமே அவற்றின் தொழிலாயிருந்தன. இலைநோயினாற் கோப்பி அழிந்தபோது அதனை நம்பியிருந்த ஓரியன்டல் வங்கியும் 1884 இல் முறிந்தது. அவ்வங்கி வெளியிட்ட நோட்டுக்கள் மக்கள் கையிற் பெறுமதியற்ற கடதாசியாகும் நிலை தோன்றவே, தேசாதிபதி ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கப் பிணை அளிக்க நேர்ந்தது. அதனைத் தொடர்ந்தே நோட்டு வெளியிடும் பொறுப்பை அரசாங்கம் தானே ஏற்றது. இலாபம் தனியாருக்கு, நட்டம் பொதுமக்களுக்கு என்னும் விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1888 இல் மலைநாட்டின் ஹட்டன் நகரிலே, தோட்டத்துரைமாரின் வசதிக்காக ஆங்கிலேயர் இருவர் ஒரு வங்கியை நிறுவினர். துரை கணக்கு வைத்திருந்த அதே மலைகளிலே தொழிலாளிக்கும் ஒரு 'கணக்கு' இருந்தது. அதன் பெயர் துண்டு. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து கங்காணி அழைத்துவந்த தொழிலாளியின் தலையில் வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏற்றப்பட்டன. இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. வேறு தோட்டம் அத்தொகையைச் செலுத்தினால் அவர்கள் அங்கு செல்லலாம். கடனும் அவர்களோடு சேர்ந்தே சென்றது. துரையின் கணக்கு அவனுக்கு மூலதனத்தை ஈந்தது. தொழிலாளியின் கணக்கு அவனையே விலைப்பொருளாக்கியது. துண்டுமுறையைச் சட்டத்தால் ஒழிப்பதற்கு 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தோட்டத்துக்கு வெளியே, கொழும்பின் சுதேச வியாபாரிக்கும் ஐரோப்பிய வங்கியின் வாசல் நேரடியாகத் திறக்கவில்லை. வங்கிக்கும் அவனுக்கும் இடையே சிறாப்பர் நின்றார். பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியாராயிருந்த அவர், கடன்கேட்போரின் நாணயத்துக்கு வங்கியிடம் பிணை நின்று அதற்குத் தரகு பெற்றார். இன்னொரு வழியும் இருந்தது. செட்டியார் வங்கியிடம் குறைந்த வட்டிக்குப் பணம் பெற்று, அதனைக் கூடிய வட்டிக்கு உள்ளூராருக்குக் கொடுத்தார். இவ்விரு வழிகளிலும் வங்கிக்கு நட்டமில்லை. வாசலுக்கு வெளியே நின்றமைக்கான விலையைச் சுதேசியே செலுத்தினான். 1925 இற் செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும் வங்கிகள் செட்டிமாருக்கு அளித்த கடனைச் சுருக்கிக்கொண்டன. அதன் தாக்கம் சிறு வியாபாரிமீதும் சிறு தோட்டக்காரன்மீதுமே இறுதியில் வீழ்ந்தது.

செட்டியார்மேல் அன்று எழுந்த வெறுப்பு, இலாபத்தின் மூலவேரை மறைத்துவிட்டதென்பது கவனிக்கத்தக்கது. வட்டி வசூலித்த முகம் மக்களுக்குத் தெரிந்தது. அம்முகத்தின் பின்னே இருந்த ஏகாதிபத்திய வங்கி தெரியவில்லை. இனத்தின் பெயரால் பேசுவோர் வர்க்கத்தின் உண்மையை எவ்வாறு மறைக்கின்றனர் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

எனினும் மாற்றுவழிகள் முற்றாக இல்லாமற் போகவில்லை. 1832 இற் சேமிப்பு வங்கியும், 1885 இல் தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் தோன்றின. ஏழையின் சதங்களை இவை ஏற்றன. ஆனால் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. சிக்கனத்தை அவனுக்குப் போதித்த அரசு, மூலதனத்தை வேறொருவனுக்கு வைத்திருந்தது. 1911 இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமே, தம்முள் ஒருவருக்கொருவர் பிணைநின்று கடன்பெறும் உரிமையைக் கமக்காரருக்கு அளித்தது. 1929 இல் யாழ்ப்பாணத்திற் கூட்டுறவு வங்கியொன்று எழுந்தமை இவ்வழியில் முக்கியமானதொரு படியாகும். நிலமும் நகையும் அல்ல, அயலவனின் நம்பிக்கையே பிணை என்ற கொள்கை அங்கு செயல்வடிவம் பெற்றது.

சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு 1934 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அந்நிய வங்கிகளிடம் கடன்பெறுவதில் இலங்கையர் படும் இடர்களை அது ஆராய்ந்து, அரசின் உதவியுடன் ஒரு வங்கி நிறுவப்படல் வேண்டுமெனச் சிபாரிசு செய்தது. அதன் விளைவாக 1939 ஓகஸ்ட் 1 ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. சுதேச முதலாளிக்கு அது பெருவெற்றி. ஆனால் வாசலின் காவலன் மாறினானேயன்றி, வாசலின் அகலம் பெரிதும் மாறவில்லை. நகரத்து வணிகனும் தென்னந்தோட்டச் சொந்தக்காரனும் உள்ளே சென்றனர்; குத்தகைக் கமக்காரன் வட்டிக்காரனின் திண்ணையிலேயே நின்றான்.

1961 இல் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. இலங்கை வங்கி முற்றாக அரசுடைமையாயிற்று. அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் பங்காளராக அமைந்த மக்கள் வங்கி ஜூலை 1 ஆம் திகதி தொடங்கிற்று. அதன் சட்டத்தின் பின்னே அமைச்சர் ரி. பி. இலங்கரத்தினவின் முயற்சி இருந்தது. சிறு பட்டினங்களிற் கிளைகள் எழுந்தன. கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் தோன்றின. சாரம் உடுத்தவனும் அஞ்சாது வங்கிக்குள் நுழையலாம் என்னும் நிலையை ஏற்படுத்தியமையே அக்காலத்தின் பெருஞ்சாதனை. அரசியற் சிபாரிசும் திரும்பாக் கடன்களும் பின்னர் அந்நிறுவனங்களைப் பீடித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் நோய் கண்டதென்பதற்காக வாசலையே மீண்டும் ஒடுக்கவேண்டுமென்று வாதிடுவது மருத்துவமன்று.

1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் தனியார் வங்கிகளையும் அந்நிய வங்கிகளையும் பெருக்கியது. போட்டி பெருகிற்று, ஆனால் போட்டி பணக்காரனுக்காகவே நடந்தது. சிறப்புக் கணக்கு அப்போட்டியின் பரிசு. மறுபக்கத்தில், வங்கியின் படிவத்துக்குள் அடங்காத கிராமப் பெண்கள் நுண்கடன் கொம்பனிகளின் வாரத் தவணைக்கு ஆளாயினர். வரட்சியால் வாடிய மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசு முன்வர நேர்ந்ததெனின், நிலைமையின் கொடுமையை ஊகித்துக்கொள்ளலாம். அதிகம் உள்ளவனுக்குக் குறைந்த வட்டி, ஒன்றும் இல்லாதவனுக்குக் கூடிய வட்டி என்ற சிறாப்பர் காலத்து நியாயம் இன்றும் மறையவில்லை.

'வங்கி தரும ஸ்தாபனம் அன்று. ஆபத்தை அளந்தே அது கடன் கொடுக்கும்' என்பர். ஆபத்தை அளக்கட்டும். ஆனால் எதனைக் கொண்டு அளக்கின்றது? பெற்ற கடனைத் தவறாது திருப்பிய கூட்டுறவு உறுப்பினனின் ஒழுக்கம் அதன் அளவுகோலில் இடம்பெறவில்லை. சம்பளத் துண்டின் தொகை மாத்திரமே இடம்பெறுகின்றது. மேலும் வங்கி கடன்கொடுக்கும் பணம் யாருடையது? ஆசிரியனும் தாதியும் மீனவனும் சிறுகச்சிறுக வைத்த வைப்புக்களும் சேர்ந்ததே அது. தன் பணத்தால் இயங்கும் நிறுவனத்திலே தான் இரண்டாந்தர மனிதனாக நிற்பதை ஒருவன் இயல்பென ஏற்கவேண்டுமா?

ஆகவே, குறைந்த வருமானமுள்ளவர் சிறப்புக் கணக்குக்கு விண்ணப்பிப்பதைப் பகட்டு ஆசையென எள்ளி நகையாடுதல் தகாது. அவர் கேட்பது மெத்தை நாற்காலியை அன்று. நியாயமான வட்டியையும், குறைந்த கட்டணத்தையும், மனிதனுக்குரிய மதிப்பையுமே. இவை சலுகைகளாக விற்கப்படும்வரை பொது வாசல் முழுமையாகத் திறந்துவிட்டதென்று கூறமுடியாது. துண்டு தானாக ஒழியவில்லை; இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் எவரது கருணையாலும் எழவில்லை. கேட்டவர்கள் கூடிக் கேட்டமையால் அவை நிகழ்ந்தன. தனியொருவரின் விண்ணப்பத்தை வங்கி நிராகரிக்கலாம். கூட்டாக எழும் கோரிக்கையை நிராகரிப்பது அத்துணை எளிதன்று.